இரண்டாவது பாட்டிலின் ஆணி

டீச்சர்,

இன்று காலை கடை திறந்து மேசையைத் துடைத்தபோது இரண்டாவது பாட்டிலில் இருந்த ஆணி முறிந்து விழுந்தது. துணி பட்டுப் பாட்டில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். தண்ணீர் மட்டத்தில் அது நூலாக மெலிந்திருந்ததை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கீழ்ப்பாதி செங்கல் நிறச் சேற்றில் போய்ப் படுத்துவிட்டது. மேல்பாதி மூடியிலிருந்து தொங்குகிறது. மூடியைத் திறந்தேன். தேங்கிய கடல்தண்ணீரும் துருவும் கலந்த வாசனை வந்தது. உன் துணிப்பையைத் திறந்தால் வருமே, அதே வாசனை.

நீ இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். சொல்ல நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் இன்னும் அந்த இரண்டு ஊறுகாய் பாட்டில்களையும் பார்த்து இது என்ன என்று கேட்கிறார்கள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்கிறேன். இரண்டிலும் காசிமேட்டுக் கடல்தண்ணீர். இரண்டிலும் ஒரு ஆணி, ஒரு துண்டு ஜிங்க். தண்ணீருக்கு மேலே இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்திருக்கிறது. முதல் பாட்டிலில் ஜிங்க் வெறும் உடம்போடு இருக்கிறது. இரண்டாவதில் ஜிங்க்குக்கு நீல பெயின்ட். முதல் பாட்டிலில் இதுவரை மூன்று தடவை ஜிங்க் கரைந்து நான் வேறு துண்டு கட்டிவிட்டேன், ஆணி அதே ஆணி. இரண்டாவதில் ஜிங்க் புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது. ஆணிதான் போய்விட்டது.

அவ்வளவு சொன்னால் போதும் என்பாய். மற்றதை அவர்களே யோசிக்கட்டும் என்பாய். நான் வியாபாரி, எனக்கு வாய் சும்மா இருக்காது. நீ இருந்த காலத்திலும் இருந்ததில்லை.

நீ முதல் முதலாகக் கல்மண்டபத்தில் என் கடைக்கு வந்த நாள் எனக்கு மறக்காது. கடையில் நல்ல கூட்டம். படகுச் சாமான் கடை நடத்தும் பொம்பளை நான் ஒருத்திதான் அந்தத் தெருவில். கோணி விரித்து, கப்பல் உடைத்த இடத்துப் போல்ட்டும் அறுந்த கயிறும் விற்க ஆரம்பித்து, பத்தடிக் கடை வரைக்கும் வந்தவள். அந்தக் கடைக்கு ஒரு பேர் இருந்தது, கரையாத ஜிங்க் கிடைக்கும் கடை என்று. அந்தப் பேரை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்பது உனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் எல்லோரையும் போல வெறும் ஜிங்க் கட்டிதான் விற்றேன். மீன்பிடிக்கப் போகும் இரும்பு லாஞ்சுகளின் பின்பக்கம், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் தகடு துருப்பிடிக்காது என்று அதைப் பொருத்துவார்கள். ஒரு வருஷத்தில் கட்டி பாதியாகிவிடும். உடனே கடை வாசலில் சண்டை. “இன்னாக்கா மட்டமான சரக்கு குடுத்துகீற? கற்பூரம் மாதிரி கரஞ்சிப் போச்சி” என்று கட்டியைத் தூக்கி என் மேசையில் போடுவார்கள். நான் யோசித்தேன். கட்டிக்கு இரண்டு பூச்சு பெயின்ட் அடித்து விற்றேன். மூன்று வருஷம் ஆனாலும் அப்படியே இருந்தது. எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள்கூட என்னைத் தேடி வந்தார்கள். வேறு கடையில் வாங்குகிறவர்களிடமும் பெயின்ட் அடித்து மாட்டச் சொன்னேன். வியாபாரம் தெரிந்தவள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

நீ வந்து பள்ளிக்கூடத்துக்குச் சின்ன ஜிங்க் துண்டுகள் வேண்டும் என்றாய். நான் ஒரு நீலக் கட்டியை எடுத்து வைத்தேன். நீ சாவியால் அதன் ஓரத்தைச் சுரண்டினாய். பெயின்ட் அடியில் வெள்ளையாகத் தெரிந்தது.

“இன்னாக்கா, இதுக்கு எதுக்கு சட்ட மாட்டி வுட்டுகீற?”

கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

“டீச்சர், பாடமெல்லாம் ஸ்கூல்ல வெச்சிக்கோ. இங்க வியாபாரம்.”

“நான் டீச்சர் இல்லக்கா. லேப்ல கண்ணாடி கழுவுறவ. அசிஸ்டென்ட்டு.”

“யாரா இருந்தா இன்னா. வேணும்னா எடு, வேணாம்னா நவுரு.”

நீ எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு ஆத்திரத்தில் சொன்ன டீச்சர் என்ற சொல்தான் உனக்கு நான் கடைசிவரை வைத்திருந்த பேர். நீ திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டாய்.

அடுத்த வாரமே இந்த இரண்டு பாட்டிலோடு வந்தாய். “விக்கிறதுக்கு இல்லக்கா. ஓரமா கெடக்கட்டும்” என்று மேசையில் வைத்தாய். வாடிக்கை போய்விடும் போலிருக்கிறதே என்று நான் வேண்டாம் என்பதற்குள் பஸ் வந்துவிட்டது, நீ ஓடிவிட்டாய். பத்தாவது நாள் இரண்டாவது பாட்டிலின் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்க ஆரம்பித்தான். நான் அந்தப் பாட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவை வைத்தேன். நீ வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் டப்பாவை நகர்த்திப் பாட்டிலை முன்னால் வைப்பாய். நீ போனதும் நான் மறைப்பேன். மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு மறைப்பதை விட்டேன். அதற்குள் பெயின்ட்தான் கோளாறு என்று எனக்கே புரிந்துவிட்டது.

புரிந்தது என்பதற்கும் சொன்னேன் என்பதற்கும் நடுவில் ஒரு வருஷம் ஓடியது. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

ஒருநாள் நீ என்னை வியாசர்பாடியில் உன் வீட்டு மாடிக்குக் கூப்பிட்டாய். ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மொட்டை மாடி. துணி காய்கிற கயிறுகளுக்கு நடுவே இருபது பிள்ளைகள், நாலு அம்மாக்கள், ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தாத்தா. கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்து, புளித்தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பியும் நீ என்னிடம் வாங்கிச் சுரண்டி எடுத்த ஒரு ஜிங்க் துண்டும் போட்டு, ஒன்றோடு ஒன்றை முடிந்தீர்கள். எலுமிச்சம்பழத்தில்தானே இதைச் செய்வார்கள் என்று நான் கேட்டதற்கு, “அது விக்கிற விலைக்கு நான் ஊறுகா போட்டுக்குவேன்க்கா” என்றாய். கடைசிக் கம்பியைத் தொட்டதும் அரிசி அளவு விளக்கு ஒன்று சிவப்பாக எரிந்தது. பிள்ளைகள் கத்தவில்லை. கைகளைக் குவித்து அதற்கு நிழல் பிடித்துக்கொண்டு, மாறி மாறி உற்றுப் பார்த்தார்கள். அந்தத் தாத்தா ஒரு கொட்டாங்குச்சியிலிருந்து ஜிங்க்கை வெளியே எடுத்தார், விளக்கு அணைந்தது. திரும்பப் போட்டார், எரிந்தது. பத்துத் தடவை செய்திருப்பார். நீ ஒரு தடவைகூடப் போதும் என்று சொல்லவில்லை. “கைல பண்ணாதான்க்கா நம்புவாங்க” என்று என் காதில் மட்டும் சொன்னாய்.

அந்த வருஷம்தான் என் வாடிக்கைக்காரர் ஏழுமலையின் லாஞ்சில் தண்ணீர் ஏறியது. எண்ணூருக்கு நேரே கடலில் ஏழு பேர் வாளியால் இறைத்து, வேறொரு லாஞ்சு இழுத்துவர, தப்பித்துக் கரை சேர்ந்தார்கள். பின்பக்கத் தகட்டில், வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி, விரல் நுழைகிற ஓட்டை. முந்தின வருஷம் அந்தத் தகட்டை வைத்தவர் வெல்டர் பாஷா பாய். ஏழுமலை என் கடையில் வந்து நின்று கத்தினார்.

“ஏழு உசுருக்கா. பேஜாரு புடிச்ச வேல பண்ணிட்டான் அந்த பாய். வெல்டிங் ராடுல காசு அடிச்சிட்டான். இனிமே யார்டு பக்கம் வரட்டும், கால ஒடைக்கிறேன்.”

பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சொன்னார்: “உன் ஜிங்க் மட்டும் வாங்கினப்போ எப்படியோ அப்படியே கீதுக்கா. ஒரு கீறல் இல்ல. உன் சரக்கு சரக்குதான்.”

மேசையில் உன் இரண்டாவது பாட்டில் இருந்தது. அவர் முழங்கை அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, டீச்சர்.

ஒரே வாரத்தில் லாஞ்சு பழுது பார்க்கிற யார்டில் பாஷா பாய்க்கு வேலை நின்றது. இருபது வருஷமாக லாஞ்சுக்கு அடியில் படுத்து வெல்டிங் வைத்த மனிதர், ஜன்னல் கம்பிக்கும் இரும்பு கேட்டுக்கும் அலைய ஆரம்பித்தார். மகள் கல்யாணம் தள்ளிப்போனது என்று கேள்விப்பட்டேன். என் கடை வழியாகத்தான் தினமும் போவார். நின்று சலாம் வைப்பார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

உன்னிடம் சொன்னது ஆறு மாதம் கழித்து. நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்டது ஒன்றுதான்.

“பாய் இப்போ எங்கக்கா கீறாரு?”

சொன்னேன். மீன்பிடி தடைக்காலம் வரப்போகிறது, லாஞ்சு எல்லாம் கரையேறும், யார்டில் ஒரு மேசை போடலாம், பள்ளிக்கூடத்துப் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டி வருகிறேன் என்றாய். நான் பயந்துபோய் உன் கையைப் பிடித்தேன். என் பேரைச் சொல்லாதே என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“உன் பேர நான் சொல்ல மாட்டேன்க்கா. முள்ளு சொல்லிச்சின்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.”

அந்த முள் உன் துண்டில் சுற்றியிருந்த, கரண்ட் அளக்கிற மீட்டரின் முள். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி விரிசல் விட்டுக் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாய். யார்டில் ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லா லாஞ்சும் கட்டை மேல் ஏறி நிற்கின்றன. பெயின்ட் வாசனை, சுரண்டுகிற சத்தம். நடுவே உன் மேசை, பிளாஸ்டிக் டம்ளர்களில் கடல்தண்ணீர்.

“இன்னா டீச்சர், சோடா கடையா? எனக்கு ஒரு பன்னீரு போடு” என்றான் ஒருவன்.

“நைனா, அத்த குடிச்சா நீ துரு புடிச்சிருவ” என்று உன் மாணவி ஒருத்தி சொன்னாள். யார்டு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகுதான் ஆட்கள் கிட்டே வந்தார்கள்.

ஆளுக்கு ஒரு ஆணி, ஒரு ஜிங்க் துண்டு. அந்தப் பெண்கள் எதையும் செய்து காட்டவில்லை, கம்பியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தண்ணீரில் இரண்டையும் விட்டு மீட்டரில் கம்பியை வைத்தால் முள் ஓடியது. ஜிங்க் தன்னைக் கொடுத்து ஆணியைக் காப்பாற்றுகிறது, முள் காட்டுவது அந்தக் கொடுக்கல்தான் என்று நீ இரண்டே வரியில் சொன்னாய். ஏழுமலை கையை மடக்கிக்கொண்டு நின்றவர், கடைசியாக வந்தார். தன் லாஞ்சிலிருந்து கழற்றிய கட்டியையே கொண்டுவந்தார். என் கடைக் கட்டி. நீலம். கடல்தண்ணீர் வாளியில் ஆணிக்குப் பக்கத்தில் இறக்கி, கட்டியின் இரும்புக் காதில் மீட்டர் கம்பியைச் சுற்றினார். முள் அசையவில்லை.

“மீட்டர் அவுட்டு” என்றார்.

“இருக்கலாம்ணே. உங்ககிட்ட கத்தி கீதா?” என்றாய் நீ.

வலை அறுக்கிற கத்தியால் அவரே சுரண்டினார். ஒரு விரல் அகலம். கட்டியை மறுபடி வாளியில் விட்டார். முள் துள்ளியது. வெளியே எடுத்து இன்னும் சுரண்டினார். விட்டார். முள் இன்னும் மேலே போனது. மூன்றாவது தடவை சுரண்டும்போது அவர் கை நின்றுவிட்டது. திரும்பித் தன் லாஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே புதுத் தகடு, அதன் மேல் புது பெயின்ட், இன்னும் கழற்றாத மூன்று கட்டிகள், எல்லாம் நீலம்.

“இதுக்குப் பெயின்ட்டு அடிக்கச் சொன்னது யாரு?”

நீ குனிந்து கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் வேலிப் பக்கம் பாஷா பாய் நின்றிருந்தார். அவரை நீ வரச் சொல்லியிருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான்தான்” என்றேன். “நான்தான் அடிச்சேன், நான்தான் அடிக்கச் சொன்னேன். கரையாத ஜிங்க்னு பேர் வாங்கணும்னு. ஏழுமலை, பாய் வெச்ச தகட்டுல தப்பில்ல. என் கட்டி வேல செய்யல. எனக்கு ஒரு வருஷமா தெரியும்.”

ஏழுமலை கத்தியை மடக்கி இடுப்பில் செருகினார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பித் தன் லாஞ்சுப் பக்கம் நடந்தார். கூட்டத்தில் யாரோ, “இனிமே இந்த அக்காகிட்ட ஒரு போல்ட்டு வாங்கக் கூடாதுடா” என்றார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள்.

பாஷா பாய் மேசைக்கு வந்தார். “டீச்சரம்மா, நான் ஒரு தபா பண்ணிப் பாக்கட்டா?” என்று கேட்டார். அதே கட்டி, அதே வாளி. வெல்டிங் பொறி பட்டுத் தழும்பான விரல்கள். முள் ஏறுவதைப் பார்த்தார். எடுத்தார், மறுபடி விட்டார். உன் மாடியில் அந்தத் தாத்தா செய்த மாதிரியே. யார்டே பார்த்துக்கொண்டு நின்றது. நீ போதும் என்று சொல்லவில்லை. அவரே போதும் என்று நினைத்தபோது கம்பியை நேராக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வருஷம் என் வாடிக்கையில் பாதி போனது. அதை நான் உனக்குச் சொன்னபோது, “பாதி கீதில்ல” என்றாய். கடையில் மீதமிருந்த நீலக் கட்டி அத்தனையையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினோம். நீ லீவு போட்டு வந்து, கடைவாசலில் காலை நீட்டி உட்கார்ந்து என்னோடு சுரண்டினாய். மூக்கு, தலை எல்லாம் நீலத்தூள். அன்றைக்குத்தான் பந்தயம் கட்டினோம். அந்த ஆணி நாலு தடைக்காலம் தாங்காது என்றாய் நீ. அது நாலு அங்குல ஆணி, பத்து வருஷம் நிற்கும் என்றேன் நான். இரும்பு விற்கிறவளுக்கு இரும்பைப் பற்றித் தெரியாதா என்று வேறு கேட்டேன்.

ஏழுமலை அடுத்த தடைக்காலத்தில் பாஷா பாயைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. தகட்டு வேலையைக் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். என் கடைக்கு வர அவருக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. வந்து, “பெயின்ட்டு இல்லாதது குடு” என்று மட்டும் கேட்டார். நிறுத்திவிட்டிருந்த சலாமைப் பாயும் ஒருநாள் தானாகவே திரும்ப வைத்தார். நான் உள்ளே ஓடவில்லை. நின்று வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடைக்காலமும் யார்டில் உன் மேசை இருந்தது. போகப்போக ஆட்களே வாளியில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நானும் போனேன். ஒருவர் பேசினார், ஜிங்க் மாதிரி நீ உன்னைக் கரைத்து மற்றவர்களைக் காப்பாற்றினாய் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நீ கரையப் பிறந்தவள் இல்லை. உனக்குக் கிட்னி கெட்டுப் போனது, லீவு கேட்டு நடந்தாய், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாய், காலம் தாழ்ந்து போனது. அதை அழகாகச் சொன்னால் அது சரியாகிவிடுமா. எழுந்து சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். உன் அம்மா முன்வரிசையில் இருந்தார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது உன் முகம் வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் கேட்டாய்.

“ஒடஞ்சிச்சா?”

“இல்ல டீச்சர். கல்லு மாதிரி கீது.”

பொய். அப்போதே அது மெலிந்துவிட்டது. நீ சிரித்தாய். வியாபாரி பொய் உனக்குத் தெரியாதா. “அப்படின்னா பந்தயத்துல இன்னொண்ணு சேத்துக்கோ” என்று சொல்லி, பந்தயம் உறுதி என்று உன் கையில் தட்டச் சொன்னாய். ஊசி குத்திய கை. மெதுவாகத் தட்டினேன்.

இன்று மத்தியானம் பாஷா பாய் கடைக்கு வந்தார். பாட்டிலைப் பார்த்தார்.

“அட, ஒடஞ்சே போச்சா? குடுக்கா, ஒரு பொட்டு வெல்டிங் வெச்சித் தரேன். டீச்சரம்மாவுக்குத் தெரியாது.”

“தெரியும் பாய்.”

அவர் பாட்டிலைத் திருப்பி, முறிந்த இடம் தெருவுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் உன் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்தேன். உன் மீட்டரைக் கேட்டேன், எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். நீ சுற்றி வைத்த துண்டோடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முள்ளைப் பார்க்க எனக்குத் தெரியும். இரண்டு வரிக்கு மேல் பேசாமல் இருக்கத்தான் இனிமேல் பழக வேண்டும்.

பந்தயத்தின்படி நான் தர வேண்டியது இது. தடைக்காலத்தில் யார்டில் மேசை போடுகிற நாளுக்கு நாற்பது துண்டு ஜிங்க், நாற்பது ஆணி, கம்பி, எல்லாம் இனாம், நான் கடை நடத்துகிற காலம் வரைக்கும். பள்ளிக்கூடத்துக்கு வருஷம் முழுக்கக் கேட்கிறபோது கொடுக்க வேண்டும். மேசை போட்ட நாளில் கடையில் ஜிங்க் விற்கக் கூடாது. என் கடைப் பேர் மேசையில் இருக்கக் கூடாது. யார் எத்தனை தடவை செய்து பார்த்தாலும் போதும் என்று சொல்லக் கூடாது. டீ என் செலவு. இவ்வளவும் அன்றைக்கு நீலத்தூளோடு பேசிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நீ சேர்த்துக் கை தட்ட வைத்தது ஒன்று: நீ வராத வருஷம் மேசையில் நான் உட்கார வேண்டும்.